வாடகை மண்ணில் எழுந்த கோட்டை

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு கிளம்பும் வேன்கள் பல, நேராக ஊர் திரும்புவதில்லை. பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி இருக்கிறது. கடல் பார்க்காமல் போனால் பேரப்பிள்ளைகள் விடமாட்டார்கள். பட்டுப்புடவைப் பாட்டி, விபூதி கலையாத தாத்தா, பின்னால் ஒரு பட்டாளம் என்று நகர வாயிலைத் தாண்டி, ராஜ வீதி வழியாக மைதானத்துக்கு வந்து சேர்கிறார்கள். எதிரே கோட்டை. அதன் முதுகுப்பக்கம் வங்கக்கடல்.

“இங்கிலீஷ்காரன் கட்டினதா?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. இல்லை, டென்மார்க்காரர்கள் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “அவனுக்கு இங்கே என்ன வேலை?”

நியாயமான கேள்விதான். சோழமண்டலக் கரையில் கோட்டைக்குப் பஞ்சமில்லை. வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், கடலூரில் ஆங்கிலேயர், தெற்கே கூப்பிடு தூரத்தில் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள், அதற்கும் கீழே நாகப்பட்டினத்தில் முதலில் போர்ச்சுகீசியர், பிறகு டச்சுக்காரர்கள். இந்தப் பெரிய கைகளுக்கு நடுவே டென்மார்க் என்ற சிறிய ராஜ்ஜியம் 225 ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கிறது. பீரங்கி பலத்தால் அல்ல. வாடகை, பொறுமை, அடுத்தவர் சண்டையில் தலையிடாத சாமர்த்தியம், உள்ளூர் ஆட்களின் கைபலம் ஆகியவற்றால்தான். டேன்ஸ்போர்க் என்ற இந்தக் கோட்டையை அந்தக் கணக்கோடு சுற்றிப் பார்த்தால் சுவர்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

கதை தொடங்குவது தரங்கம்பாடியில் அல்ல, கண்டியில். போர்ச்சுகீசியரை விரட்டப் படை வேண்டும் என்று கண்டி அரசன் தன்னை அனுப்பியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு, மார்செலிஸ் போஷௌவர் என்ற டச்சுக்காரர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனைப் போய்ப் பார்த்தார். 1616-ல்தான் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பமாகியிருந்தது. வலிய வந்த வாய்ப்பை விடுவார்களா? 1618-ல் கப்பல்கள் கிளம்பின. தலைமை ஏற்றவர் ஓவே கெட்டே. வயது இருபத்து மூன்று. வழியிலேயே ஏராளமான ஆட்கள் இறந்தார்கள். அழைத்துவந்த போஷௌவரும் இறந்துபோனார். 1620-ல் இலங்கை போய்ச் சேர்ந்தபோது கண்டி அரசன் செனரத் போர்ச்சுகீசியருடன் ஏற்கெனவே சமாதானம் செய்துகொண்டிருந்தான். போஷௌவர் டென்மார்க்கில் செய்த ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று கைவிரித்துவிட்டான். திருகோணமலையில் கால் ஊன்றப் பார்த்த முயற்சியும் பலிக்கவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு தோல்வி. கெட்டேவுக்கு முன்பே ‘ஓரசுந்த்’ என்ற கப்பலில் வந்திருந்த ரோலண்ட் கிராப்பேயைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் மடக்கினார்கள். கப்பல் போயிற்று, ஆட்கள் பலர் செத்தார்கள். சொற்பப் பேரோடு தப்பிக் கரையேறிய கிராப்பே போய்ச் சேர்ந்த இடம் தஞ்சாவூர் நாயக்கர் ரகுநாதரின் அரண்மனை. ரகுநாதருக்கும் கணக்கு இருந்தது. நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர் கை ஓங்கியிருந்த காலம். அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு பரங்கி வந்தால் துறைமுகத்துக்கு நல்லது. 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆண்டுக்கு 3,111 ரூபாய் கொடுத்துவிட்டு, கடற்கரையில் கோட்டை கட்டிக்கொண்டு மிளகு வியாபாரம் செய்யலாம் என்பதுதான் ஏற்பாட்டின் சாரம். ரகுநாதர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆக, பிடித்த நிலமல்ல, குடிவந்த நிலம். வெறும் மணல்மேட்டுக்கும் அவர்கள் குடிவரவில்லை. கோட்டைக்கு வடக்கே சற்று நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம். டேனியர் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே வணிகர்கள் கூடிய பட்டினம் இது. கோட்டையைப் பார்க்க வருபவர்களில் பலர் இந்தக் கோயில் வரை நடப்பதில்லை. அது பெரிய குறை.

கோட்டைக்குள் போவோம். முன்பு மூன்று பக்கம் அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன. அகழி தூர்ந்துபோய் இப்போது அடையாளமே இல்லை. வாசலைத் தாண்டியதும் அகன்ற முற்றம். மதிலை ஒட்டிக் கிடங்குகள், சிப்பாய்கள் தங்கும் அறைகள். மூலைகளில் கொத்தளங்கள். கடலை ஒட்டிய பக்கம்தான் முதன்மைக் கட்டடம், இரண்டு அடுக்கு. கீழே சரக்கு அறை, சமையற்கட்டு, சிறை. மேலே தலைவரின் குடியிருப்பு, வழிபாட்டுக்கான இடம், வியாபாரிகளின் அறைகள். யோசித்துப் பார்த்தால், போருக்கென்று கட்டிய கட்டடமாக இது தெரிவதில்லை. பாதுகாப்புப் போட்ட கிடங்கு என்பதே பொருந்தும். சரக்கு கீழே, முதலாளி மேலே, காவல் சுற்றிலும்.

மேல்தள அறை ஒன்றில் கொஞ்ச நேரம் நிற்கலாம். நடுவே ஒரே ஒரு பருத்த தூண். அதிலிருந்து நான்கு திசையிலும் வளைவுகள் கிளம்பிச் சுவரைத் தொடுகின்றன. நான்கு கூரை வளைவுகளும் ஒட்டகத் திமில்போல மேலே புடைத்திருக்கின்றன. மர உத்திரம் கிடையாது. செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் மட்டும் நம்பிய கட்டு. பாரத்தை வளைவு தூணுக்குக் கடத்துகிறது, தூண் தரைக்கு இறக்குகிறது. வரைபடம் ஐரோப்பியர் மனதில் இருந்திருக்கலாம். செங்கல் சுட்டதும் சுண்ணாம்பு அரைத்ததும் சாரம் கட்டி ஏறியதும் இந்தப் பக்கத்துக் கொத்தனார்களும் சித்தாள்களும்தான். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கடல் பார்த்த சுவரை விரலால் தடவினால் மாவுபோல வெள்ளையாக ஒட்டும். உப்பு. ஈரக்காற்று சுவருக்குள் உப்பைக் கொண்டுபோகிறது. வெயிலில் ஈரம் வெளியேறும்போது உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி, பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சுக்குப் பதில் செங்கல்லே கரையத் தொடங்கும். பழைய கட்டடங்களைச் சீர்செய்பவர்கள் சிமென்ட் மூட்டையைக் கண்டாலே முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

டேனியர் கட்டிய கோட்டைகளில், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தோடு இணைத்துப் பேசப்படும் குரோன்போர்குக்கு அடுத்த பெரிய கோட்டை இதுவே என்று சுற்றுலாக் கையேடுகள் பெருமையாகச் சொல்லும். பெருமை இருக்கட்டும். அந்த அளவைப் பார்த்து மயங்கி உள்ளே வருபவர்கள், இதை நடத்தியவர்களின் கஷ்டகாலத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள்.

முதல் கம்பெனி டென்மார்க்கிலிருந்து அனுப்பிய கப்பல்கள் 18. சரக்கோடு திரும்பிப் போனவை 7 மட்டுமே. கையில் காசில்லை, கடன் ஏறியது. கோட்டையை டச்சுக்காரர்களிடம் விற்றுவிடலாமா என்றுகூடப் பார்த்தார்கள். 1643-ல் புதிய தலைவராக வில்லெம் லேயெல் வந்து இறங்கியபோது, இருந்த தலைவர் பெர்ன்ட் பெசார்ட் பொறுப்பை ஒப்படைக்க மறுத்தார். டேனியக் கோட்டையைக் கைப்பற்ற டேனியரே மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஒருவழியாக உள்ளே நுழைந்த லேயெலை, 1648-ல் அவருடைய ஆட்களே கிளர்ச்சி செய்து வெளியேற்றினார்கள். இந்தக் கோட்டைக்கு வெளியே இருந்த எதிரிகளைவிட உள்ளே இருந்தவர்களே அதிகத் தொல்லை கொடுத்திருக்கிறார்கள். 1650-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. ஊரிலிருந்து கப்பல் வருவதும் நின்றது.

இங்கேதான் கோட்டையின் மிக வினோதமான அத்தியாயம் வருகிறது. ஒவ்வொருவராக நோயில் போனார்கள், ஓடிப்போனார்கள். 1655 வாக்கில் மிச்சமிருந்த டேனியர் ஒரே ஒருவர். பெயர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே. சாதாரணக் குடும்பத்து ஆள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வரலாறு சொல்கிறது. தாய்நாட்டுக்கு இப்படி ஒரு கோட்டை இருப்பதே மறந்துபோயிருந்த நேரத்தில், அவர் கொடியை இறக்கவில்லை.

எப்படிச் சமாளித்தார்? முதலில், தர்மநியாயம் பார்க்கவில்லை. வங்கக்கடலில் போன கப்பல்களை மறித்துப் பிடித்தார். சரக்கை விற்றுக் காசாக்கினார். சுருக்கமாகச் சொன்னால் கடற்கொள்ளை. வாடகை பாக்கிக்காக நாயக்கரின் படை அவ்வப்போது வந்து ஊரை வளைத்தது. ஒற்றை ஐரோப்பியரால் இத்தனை கொத்தளங்களில் காவல் நிற்க முடியுமா? நின்றவர்கள் உள்ளூர் ஆட்கள். கிடைத்த பணத்தில் அவர்களைக் கொண்டு ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு பேசி ஒரு சமரசத்துக்கும் வந்தார். இதற்கிடையே வேறு நாட்டுக் கப்பல்களில் டென்மார்க்குக்குச் சேதி மேல் சேதி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக 1669 மே மாதம் ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தது. கோங்ஸ்பக்கேயைத் தலைவராக உறுதிசெய்யும் அரச ஆணையும் அதில் இருந்தது. பதினான்கு ஆண்டுகள் பார்த்த வேலைக்கு அப்போதுதான் நியமன உத்தரவு. அரசு அலுவலகங்களில் கோப்பு நகரும் வேகம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நாயக்கர் ஆட்சி போய் மராட்டியர் தஞ்சைக்கு வந்த பிறகும் வாடகைத் தகராறு ஓயவில்லை. 1699-ல் மன்னர் ஷாஜியின் படை ஊரை முற்றுகையிட்டது. கோட்டை தப்பியது, ஆனால் சொந்த பலத்தால் அல்ல. சென்னையிலிருந்த ஆங்கிலேய ஆளுநர் தாமஸ் பிட் படை அனுப்பிக் கைகொடுத்தார். டச்சுக்காரர்கள் கை ஓங்கிவிடக் கூடாது என்பது ஆங்கிலேயர் கவலை. பெரியவர்களின் பொறாமையில் சிறியவர் பிழைத்துக்கொண்டார்.

1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார் பர்த்தலோமேயு சீகன்பால்கு. கூட வந்தவர் புளூட்சோ. டென்மார்க் மன்னரே அனுப்பிய சமயத் தொண்டர்கள். ஆனால் கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. வியாபாரம் நடக்கிற இடத்தில் சமயம் பேசி ஊரைக் குழப்புவார்கள் என்ற பயம் ஒருபுறம். தன்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவார்கள் என்ற சந்தேகம் மறுபுறம். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதித் தமிழ் கற்றுக்கொண்ட சீகன்பால்கு, கடன் வழக்கு ஒன்றில் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசப்போய் ஹாசியஸோடு மோதினார். 1708 நவம்பரில் அவரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். நான்கு மாதம்.

அந்தச் சிறை அறைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் உடனே பின்வாங்குவார்கள். காற்று வராது, கடற்கரை ஈரம் மட்டும் வரும். அதே ஆண்டு அக்டோபரில்தான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். வெளியே வந்து 1711-ல் முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. நூல் 1715-ல் அச்சாகி முடிந்தது. தமிழ் அச்சு இவரோடு தொடங்கவில்லை. 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. ஆனால் எழுத்து வார்ப்பது, பக்கத்துப் பொறையாரில் காகிதம் செய்வது என்று அச்சை ஒரு தொழிலாக இங்கே நிலைநிறுத்தப் பார்த்தவர் சீகன்பால்குதான். 1719-ல் முப்பத்தாறு வயதில் இறந்தார். அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவரைச் சிறையில் அடைத்த தலைவரின் பெயர் இன்று நினைவிருப்பதும் அந்தச் சிறைவாசத்தால்தான்.

கோட்டைக்கு நல்ல காலம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. கலைந்துபோன முதல் கம்பெனிக்குப் பின் வந்த கம்பெனியிடமிருந்து, 1777-ல் ஊர் நேரடியாக டென்மார்க் அரசின் கைக்கு மாறியது. இங்கிலாந்தும் பிரான்சும் உலகம் முழுக்க அடித்துக்கொண்டிருந்த காலம். யார் பக்கமும் சேராத டென்மார்க் கொடிக்கு அப்போது தனி மதிப்பு. அந்தக் கொடி பறக்கும் கப்பலில் ஏற்றினால் சரக்கு பத்திரம். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரிகள் இந்தியாவில் சொந்தமாகச் சுருட்டிய பணத்தைத் தங்கள் கம்பெனிக்குத் தெரியாமல் ஊருக்கு அனுப்ப டேனியக் கப்பல்களைத்தான் பயன்படுத்தினார்கள். அவர்களிடம் வாங்கிய பணத்தில் இங்கே துணி வாங்கி, கோபன்ஹேகனில் விற்று, லண்டனில் திருப்பிக் கொடுப்பார்கள். இன்றைய மொழியில் ஹவாலா.

அந்தச் செழிப்பின் மிச்சம்தான் ராஜ வீதியின் பெரிய வீடுகளும் ஆளுநர் மாளிகையும், 1792-ல் புதுப்பித்துக் கட்டிய நகர வாயிலும். ஆளுநர்கள் கோட்டையின் புழுக்கமான அறைகளை விட்டு, தாழ்வாரமும் தோட்டமும் உள்ள வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கோட்டை அலுவலகமாகவும் சிப்பாய்க் கொட்டடியாகவும் சுருங்கியது.

நடுநிலை முடிந்ததும் வியாபாரமும் முடிந்தது. 1807-ல் ஆங்கிலக் கடற்படை கோபன்ஹேகன் மீது குண்டு பொழிந்தது. 1808-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1815-ல் திருப்பிக் கொடுத்தபோது உலகம் மாறியிருந்தது. மான்செஸ்டர் மில் துணிக்கு முன்னால் கைத்தறித் துணி வியாபாரம் எடுபடவில்லை. வரவைவிடச் செலவு கூடிய ஊரை எத்தனை நாள் வைத்திருப்பது? 1845-ல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. குடிவந்தவர், வீட்டுக்காரரைக் கேட்காமலே வேறொருவருக்கு விற்றுவிட்டுப் போன கதை. கேட்க விரும்பினாலும் அதிகாரமுள்ள வீட்டுக்காரர் தஞ்சையில் அப்போது இல்லை.

பிறகு ஊர் மெல்லத் தேய்ந்தது. நாகப்பட்டினத்துக்கு 1861-ல் ரயில் வந்து சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போனது. 1926-ல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு மீட்டர் கேஜ் பாதை வந்தது. 1980-களில் அதையும் நிறுத்திவிட்டார்கள். கோட்டை பல காலம் அதிகாரிகள் வந்து தங்கும் பயணியர் விடுதியாக இருந்தது. 1978-ல் தமிழகத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் ஆக்கியது. பீங்கான், ஆவணங்கள், வரைபடங்கள், வாள்கள் என்று அறைகளில் வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கின் தரங்கம்பாடி நண்பர்கள் குழுவும் துறையோடு சேர்ந்து பழுதுபார்க்கும் பணியில் இறங்கியது.

இந்தக் கோட்டை எதிர்பார்க்காத எதிரி கடல். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை ஏற்கெனவே தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. கோட்டை நின்றது, அதன் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் நிற்கவில்லை. இன்று கடற்கரையில் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களில் ஏறி நின்று படம் எடுப்பவர்கள், அவை எதற்காக அங்கே வந்தன என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்துகள் உண்டு. பொறையாருக்குப் போகும் பேருந்தில் ஏறினாலும் இறங்கிக்கொள்ளலாம். விடுமுறை நாள் மாலையில் மைதானம் முழுக்கக் கூட்டமும் பஜ்ஜிக் கடைகளும். அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வார நாளில், வெயில் ஏறும் முன் வந்துவிட வேண்டும். நகர வாயிலில் தொடங்கி, 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம், எதிரே புது எருசலேம் ஆலயம், ஆளுநர் மாளிகை, கோட்டை, கடைசியாகக் கோயில் என்று நடந்தால் எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கோயிலைக் கடைசிக்கு வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. அது கோட்டையைவிட மூன்று நூற்றாண்டு மூத்தது என்று கூட வந்த பிள்ளைகளுக்குச் சொன்னால், டென்மார்க்காரன் வருவதற்கு முன்னால் இங்கே யார் கப்பல் விட்டார்கள் என்று அவர்களே அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.